ஒரு பாட்டுக்குள் எத்தனை பேர்

"சம்போ மகாதேவா" என்று தேடினால் இரண்டு பாட்டு வந்து நிற்கும். ஒன்று தியாகராஜர் பந்துவராளியில் செய்த கோவூர் பஞ்சரத்தினக் கிருதி. மற்றது பௌளி ராகத்தில் "சம்போ மகாதேவா சரணம்", நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் இயற்றியது. பல்லவியின் முதல் இரண்டு சொல்லும் ஒன்று என்பதால் கச்சேரி நிரல் அடிக்கும்போதும் காணொளிக்கு விவரம் எழுதும்போதும் ராகம் ஒருவருடையதாகவும் பெயர் மற்றவருடையதாகவும் எளிதில் மாறிவிடும். நம் ஊர்க்காரர் பாட்டு இன்னொருவர் பெயரில் ஏறி நிற்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். வலித்தால் மட்டும் பிழை திருந்தாது. இதை யார் செய்தார், எப்போது செய்தார், அது நமக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கேள்வி கேட்டு, பதிலைக் கையோடு எழுதி வைத்தால்தான் திருந்தும்.

இசை படிக்கிறவர்களுக்கு ஆராய்ச்சி முறை, பதிப்புரிமை, எதையும் சீர்தூக்கிப் பார்க்கும் பழக்கம் மூன்றும் தனித்தனிப் பாடமாகத்தான் வந்து சேர்கின்றன. ஒன்றைத் தேர்வுக்குப் படித்து, இன்னொன்றுக்குப் பயந்து, மூன்றாவதை ஆசிரியர் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். ஒரு உருப்படியை, அதாவது ஒரு பாட்டை, கையில் எடுத்து வேலை பார்க்கத் தொடங்கினால் மூன்றும் ஒன்றாகிவிடும். "யார், எப்போது, எப்படித் தெரியும்" என்பதற்குக் கிடைக்கும் பதில்தான் ஆய்வேட்டின் அடிக்குறிப்பு. அதே பதிலிலிருந்துதான் அனுமதி வாங்க வேண்டுமா என்பதும் தெரியவரும். பதில் கிடைக்காத இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது ஒரு நோட்டு போடுவது. உருப்படிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஐந்து கட்டம். சாகித்தியம் (பாட்டின் வார்த்தை) யார், அவர் இறந்த ஆண்டு என்ன? இசை அமைத்தவர் யார், அவர் இறந்த ஆண்டு என்ன? பாடியவர் அல்லது வாசித்தவர் யார், எந்த ஆண்டு? ஒலிப்பதிவை வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு? எந்தப் புத்தகத்திலிருந்து பாடம் எடுத்தோம், பதிப்பாசிரியர் யார்? இந்த ஐந்தும் ஐந்து வேறு உரிமை. பாடம் பண்ணும்போது ஒரே பாட்டாகத் தெரிவது சட்டத்தின் கண்ணில் அடுக்கடுக்காக இருக்கிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. அது சாகித்தியத்தை இலக்கியப் படைப்பாகவும், மெட்டை இசைப் படைப்பாகவும் தனித்தனியாகவே பார்க்கிறது. இசைப் படைப்பு என்பதில் ஸ்வரக் குறிப்பு சேரும், பாடும் வார்த்தை சேராது. இரண்டுக்கும் காலம் ஒன்றுதான்: படைத்தவரின் ஆயுளும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டு. பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு. 1992க்கு முன்பு படைப்பாளிக்கும் 50 ஆண்டுதான் இருந்தது. பழைய கட்டுரைகளைப் பார்த்து 50 என்று கணக்குப் போட்டால் பத்து வருஷம் தவறும்.

போட்டுப் பார்ப்போம். நீலகண்ட சிவன் 1900இல் மறைந்தார். "ஆனந்த நடமாடுவார் தில்லை", "என்றைக்கு சிவ கிருபை வருமோ" எல்லாம் சாகித்திய அளவில் பொதுச்சொத்து, அதாவது உரிமைக் காலம் முடிந்து யாரும் எடுத்தாளக் கூடியவை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மறைந்தது 1954. அவர் கவிதைக்கு 2014 டிசம்பர் 31 வரை காலம் இருந்தது, முடிந்துவிட்டது. இன்று யாரும் மெட்டமைத்துப் பாடலாம். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவர் கீர்த்தனைகளுக்கு 2033 டிசம்பர் 31 வரை காலம் இருக்கிறது. மேடையில் தியாகராஜருக்குப் பக்கத்தில் அவரைப் பாடுகிறோம், கேட்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி பழைய பாட்டு. நோட்டின் கட்டத்தில் இரண்டும் வேறு.

சினிமாப் பாட்டில் இந்த அடுக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். 1964இல் வெளியான ஒரு ஒலிப்பதிவுக்கு 2024 டிசம்பரோடு காலம் முடிந்தது. அந்தப் பாட்டை எழுதியவர் கண்ணதாசன் என்றால் அவர் மறைந்தது 1981. வரிகள் 2041 முடியும்வரை காப்பில் இருக்கும். இசையில் எம்.எஸ். விஸ்வநாதன் பங்கு இருந்தால் அவர் மறைந்த 2015இலிருந்து எண்ண வேண்டும், அது 2075இல் போய் நிற்கும். "அறுபது வருஷம் ஆயிற்று, இனி யாரும் எடுக்கலாம்" என்று சொல்பவர்கள் ஒலிப்பதிவின் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

நம் குமரி மாவட்டத்து மாணவர்கள் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் பவனி போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அங்கே ஒன்பது நாளும் பாடும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகள் முதல் நாள் சங்கராபரணத்தில் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபியில் முடியும். அவர் 1813இல் பிறந்து 1846இல் மறைந்தவர், அதனால் எல்லாமே பொதுச்சொத்து என்று ஒரே வரியில் எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

"பாவயாமி ரகுராமம்" எடுத்துக்கொள்ளுங்கள். சாகித்தியம் சுவாதித் திருநாள். அது முதலில் சாவேரியில் இருந்த உருப்படி. இன்று எல்லோரும் பாடும், பல ராகங்கள் தொடுத்த ராகமாலிகை வடிவத்தை அமைத்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். அவர் மறைந்தது 2003. அந்த ராகமாலிகை அமைப்பைத் தனி இசைப் படைப்பு என்று கொண்டால் அதன் காலம் 2063 டிசம்பர் வரை ஓடும். வார்த்தைக்கு ஒரு ஆண்டு, மெட்டுக்கு வேறு ஆண்டு. ஒரு பாரம்பரிய உருப்படியை மறுபடி மெட்டமைத்தது எந்த அளவுக்குப் புதிய படைப்பு ஆகும் என்பது வாதத்துக்கு உரிய கேள்விதான். ஆனால் ஆய்வேட்டில் "இசை: சுவாதித் திருநாள்" என்று எழுதுவது உண்மைக்கே தவறு, சட்டம் அப்புறம்.

1980களில் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் சுவாதித் திருநாள் பெயரிலுள்ள உருப்படிகள் பற்றிக் கடுமையான சந்தேகங்களைக் கிளப்பினார். எதிர்ப்பும் அதே வேகத்தில் வந்தது. இந்தச் சர்ச்சையைப் படிக்கிற மாணவர் "நான் யார் பக்கம்?" என்று தொடங்கிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. கேள்வியைப் பிரிக்க வேண்டும். இன்னின்ன சாகித்தியம் அவருடையது என்பதற்கு அச்சிலோ ஏட்டிலோ மிகப் பழைய சான்று எது? அந்தச் சான்றில் ராகமும் தாளமும் மட்டும் இருக்கிறதா, ஸ்வரக் குறிப்பும் இருக்கிறதா? இப்போது பாடும் மெட்டு எந்த ஆண்டு, யார் வழியாக வந்தது? ஒரு உருப்படிக்கு முதல் கேள்வியில் உறுதியான பதில் கிடைத்து மூன்றாவதில் வேறு பெயர் வரலாம். அதனால் மன்னருக்கு ஒரு குறையும் இல்லை. பின்னால் வந்து மெட்டமைத்த வித்துவானுக்குச் சேர வேண்டியது சேரும், அவ்வளவுதான்.

சான்று தேடுவதில் குமரி மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர், திரு–கொச்சி ஆட்சியில் இருந்த மண். அதற்கு முந்தைய அரசு ஆவணம், அரண்மனைக் கணக்கு, கோவில் நிர்வாகப் பதிவு எல்லாவற்றையும் சென்னையில் போய்த் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகமும், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் இருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து காலை ரயில் ஏறினால் ஒரு நாளில் போய் வரலாம். கல்வெட்டுக்குத் திருவிதாங்கூர் தொல்லியல் தொடரைப் பார்க்க வேண்டும். பொது விவரங்களுக்கு 1906இல் வந்த நாகம் ஐயாவின் ஸ்டேட் மானுவலும் (திருவிதாங்கூர் பற்றிய அரசு விவர நூல்), 1940இல் வந்த வேலுப்பிள்ளையின் மானுவலும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முன்னது சொன்னதைப் பின்னது எங்கே ஏற்கிறது, எங்கே மாற்றுகிறது என்று தெரியும். சுசீந்திரம் கோவிலைத் தொட்டு எழுதுகிறவர்கள் கே.கே. பிள்ளை 1953இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தாண்டிப் போக முடியாது.

ஆவணத்தில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். இங்கே தவறு விழுவது மிகச் சுலபம். நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணி 1இல், அதாவது ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. கொல்லம் 1074 கார்த்திகை என்று போட்ட நோட்டீஸ் 1898ஐச் சேர்ந்தது. அதே 1074 தை என்றால் 1899. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் கார்த்திகை, மார்கழித் திருவிழா எல்லாம் ஒரு வருஷம் தள்ளிப் போய்விடும். பிறகு அந்த ஆண்டில் பாடிய வித்துவான் அதற்கு முந்தைய வருஷமே மறைந்துவிட்டதாக வரும், குழப்பம் தொடங்கும். மூல ஆவணத்தில் இருப்பதை முதலில் அப்படியே எழுதி, கூட்டிய ஆண்டைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். கணக்குத் தவறினாலும் மூலம் கையில் இருக்கும்.

இணையத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டல்தான் பெரிய தடை. வில்லுப்பாட்டு, வில்லிசை, வில்லடிச்சான் பாட்டு மூன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும், மலையாளத்தில் வில்பாட்டு என்றும் போட வேண்டும். சுசீந்திரமும் சுசிந்திரமும் தேடுபொறிக்கு இரண்டு ஊர். நாகர்கோவில், நாகர்கோயில் அப்படியே. நீலகண்ட சிவனைச் சேர்த்தும் பிரித்தும், ஆங்கிலத்தில் இரட்டை 'ஈ' போட்டும் ஒற்றை 'ஐ' போட்டும் தேடிப் பாருங்கள். எந்தச் சொல்லை எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் தேடினோம் என்று நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து அதே தேடலை மறுபடி செய்து நேரத்தை வீணாக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய கீர்த்தனைப் புத்தகங்கள் கிடைக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. சென்னை மியூசிக் அகாதமி 1930 முதல் வெளியிட்டு வரும் ஆய்விதழின் பழைய தொகுதிகளும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

கிடைத்ததை எண்ணக் கூடாது. பத்துத் தளத்தில் ஒரு செய்தி இருந்தால் பத்துச் சான்று ஆகாது. ஒரே பிழையான எழுத்துக்கூட்டல், ஒரே இடத்தில் தவறிய கமா, ஒரே வாக்கிய வரிசை இருந்தால் ஒன்பதும் ஒன்றிலிருந்து நகல் எடுத்தவை. எது பழையது என்று பார்த்து அதை மட்டும் எழுதுங்கள். அந்தப் பழையதும் தன் ஆதாரத்தைச் சொல்லவில்லை என்றால் "ஆதாரம் காட்டவில்லை" என்றே நோட்டில் எழுதுங்கள். இப்போது கேட்டவுடன் பதில் எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன. அவை தரும் ராகப் பெயரும் பக்க எண்ணும் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் அது இருக்காது. தேடத் தொடங்குவதற்கு அவற்றிடம் கேட்கலாம், அடிக்குறிப்பில் வைக்கக் கூடாது.

சீர்தூக்கிப் பார்ப்பதற்குச் சுசீந்திரம் இசைத்தூண்களை விட நல்ல பாடம் நமக்கு வேறில்லை. அலங்கார மண்டபத்தில் நான்கு பெரிய தூண் தொகுதிகள், ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கியது. இரண்டில் 33 சிறு தூண்கள், இரண்டில் 25. "ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு வாத்தியம், ஏழு ஸ்வரமும் சுத்தமாக வரும்" என்று சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகிவிட்டது. தூணில் நாதம் வருவது உண்மை. அந்தச் சிற்பியின் கைக்கு எத்தனை வணக்கம் சொன்னாலும் போதாது. ஆனால் "ஸ்வரம்" என்று எழுதுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தந்தியை மீட்டினால் அதன் மேல்நாதங்கள் அடிநாதத்தின் 2, 3, 4 மடங்காக வரிசையாக வரும். அதனால்தான் காது ஒரே சுருதியைப் பிடித்துக்கொள்கிறது. இரு முனையும் பிணைந்த ஒரு தண்டைத் தட்டினால் மேல்நாதங்கள் ஏறத்தாழ 2.76, 5.40 மடங்கில் விழும். முழு மடங்கில் இல்லாத ஒலிகள் என்பதால் ஒருவர் காதுக்கு ஷட்ஜமாகப் படுவது இன்னொருவருக்கு வேறாகப் படும். தட்டும் இடம் மாறினால் போனிலுள்ள சுருதிமானி காட்டும் ஸ்வரமும் மாறும். தண்டின் தடிமன் கூடினால் சுருதி ஏறும். நீளம் கூடினால் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். ஆகவே ஆய்வேட்டில் "இன்ன தூணில், தரையிலிருந்து இன்ன உயரத்தில், இன்ன அதிர்வெண் கேட்கிறது" என்று அளந்தவர் யாராவது இருந்தால் அவர் அளவைச் சொல்லலாம். இல்லையென்றால் "வாத்திய ஒலியை ஒத்திருப்பதாகச் சொல்வார்கள்" என்பதோடு நிறுத்த வேண்டும். நாமே தட்டி அளக்கலாம் என்று இறங்க வேண்டாம். நூறு பேர் தட்டினால் கல் தாங்கும், லட்சம் பேர் தட்டினால் தாங்காது.

கள வேலைக்கு வருவோம். வில்லுப்பாட்டைப் பதிவு செய்யாமல் குமரி மாவட்டத்தில் நாட்டார் இசை ஆய்வு இல்லை. கொடை (நம் பக்கத்துக் கோவில் திருவிழா) நடக்கும் கோவிலில் போய் போனை நீட்டிப் பிடித்தால் அது பதிவு ஆகாது.

கொடைக்கு ஒரு வாரம் முன்பே கோவில் நிர்வாகிகளிடமும், வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகரான புலவரிடமும் போய்ப் பேசுங்கள். கொடை நாளில் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. சாமி வரும் இடத்தில் பதிவை நிறுத்த வேண்டுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும், அந்த ஐந்து நிமிஷத்துக்காக வாதாடக் கூடாது. ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள், ஒரு பக்கம் போதும். "இன்ன தேதி இன்ன கோவில் கொடையில் நான் பாடிய இன்ன கதையைப் பதிவு செய்யச் சம்மதிக்கிறேன். படிப்புக்கும் ஆய்வேட்டுக்கும் பயன்படுத்தலாம். இணையத்தில் ஏற்ற: சம்மதம் அல்லது சம்மதமில்லை. என் பெயரைப் போட: வேண்டும் அல்லது வேண்டாம்." இந்தக் கடைசி இரண்டு வரியும் தனித்தனியாக இருக்க வேண்டும். படிப்புக்குச் சரி என்றவர் யூடியூபுக்குச் சரி என்று சொன்னதாக ஆகாது. கையெழுத்து புலவரிடம் மட்டும் வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. வலத்தே பாடுபவர், இடத்தே பாடுபவர், குடம் அடிப்பவர், உடுக்கை, கட்டை, ஜால்ரா எல்லோரும் நிகழ்த்துநர்கள். ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

பதிவுக் கருவியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவத்தில் வையுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். ஐந்து மணி நேரக் கொடைக்கு எட்டு ஜிபி அட்டை போதும், ஆனாலும் இரண்டாவது அட்டையும் மாற்று பாட்டரியும் பையில் இருக்கட்டும். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைக்க வேண்டும். அளவு பார்க்கும்போது பாட்டை மட்டும் கேட்டு வைத்துவிட்டால் குடம் விழும்போது ஒலி உடைந்துவிடும். உடைந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்ட முடியாது. குடம் அடிப்பவரை ஒரு தரம் ஓங்கி அடிக்கச் சொல்லி அதை வைத்து அளவு பாருங்கள். கருவி வில்லுக்கு நேர் எதிரே இரண்டு மூன்று மீட்டரில், கூம்பு ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி இருக்கட்டும். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்செட்காரரிடம் கேட்டால் மிக்சரிலிருந்து ஒரு வயர் கொடுப்பார். அதில் கதை வார்த்தை தெளிவாக வரும், குடமும் வில்மணியும் சரியாக வராது. இரண்டு தடத்தையும் வைத்துக்கொண்டால்தான் எழுத்தாக்கும்போது வார்த்தையும் தாளமும் சேர்ந்து கிடைக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களிலும் ஆரல்வாய்மொழிப் பக்கத்திலும் காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் பதிவே செய்ய வேண்டாம். அங்கே காற்று மைக்கில் விழுந்தால் பாட்டு கேட்காது, இரைச்சல்தான் கேட்கும்.

தொடக்கத்தில் தேதி, ஊர், கோவில், கதையின் பெயர், குழுவினர் பெயர் எல்லாவற்றையும் வாயால் சொல்லிப் பதியுங்கள். தாள் தொலைந்தாலும் குரல் கோப்பிலேயே இருக்கும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழ்த்து என்று பகுதி மாறும் இடத்தில் மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தாக்கும்போது "சொன்னாவ" என்று பாடியதைச் "சொன்னார்கள்" என்று திருத்தாதீர்கள். அந்த ஒரு எழுத்தில்தான் நாஞ்சில் நாட்டுப் பேச்சும், சந்தத்துக்கு ஒரு அசை குறைந்த காரணமும் இருக்கிறது.

கதை யாருடையது என்ற கேள்வி இங்கே நிச்சயம் வரும். பழையனூர் நீலி கதைக்கோ முத்துப்பட்டன் கதைக்கோ ஒற்றை ஆசிரியர் கிடையாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டார் வழக்காற்றுக்கென்று தனிப் பாதுகாப்பும் கிடையாது. அதற்காக எல்லாம் பொது என்று அள்ளிக்கொண்டு போக முடியாது. ஒரு புலவர் பழைய கதையில் தாமாக எழுதிச் சேர்த்த விருத்தமும், நடு நடுவே போட்ட புது மெட்டும் அவருடையவை. அன்றைய நிகழ்த்துதலில் குழுவினர் எல்லோருக்கும் உரிமை உண்டு. "இந்தப் பாட்டு உங்க ஆசான் சொல்லித் தந்ததா, நீங்க கெட்டினதா?" என்று ஒவ்வொரு பகுதிக்கும் கேட்டு எழுதுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் புலவர்கள் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள். அப்படி யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

படிப்பு தொடர்பாகச் சட்டம் நிறையவே இடம் கொடுக்கிறது, அந்த இடம் எது வரை என்று தெரிய வேண்டும். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாளலாம். ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும்போக்கில் பிரதி எடுக்கலாம். பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைத் தொகுத்து நகல் எடுப்பது பற்றி 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் கல்விக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்காக ஒரு ஸ்வரப் புத்தகத்தை முழுசாக நகல் போட்டு இசை வகுப்பில் விலைக்கு விற்பது பாடம் நடத்துவது ஆகாது. கல்லூரி ஆண்டு விழாவில் மாணவரும் ஆசிரியரும் பாடினால், கேட்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் என்றால் அனுமதி வேண்டாம். டிக்கெட் போட்டு ஊரைக் கூப்பிட்டால் நிலைமை மாறிவிடும். கோவில் விழா, ஆலய ஆராதனை, கல்யாண ஊர்வலம் ஆகியவற்றில் பாடுவதற்கும் விலக்கு உண்டு.

நம் மாவட்டத்தில் பாடகர் குழு இல்லாத ஆலயம் இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளை எப்படியும் பாடலாம். சமீபத்தில் வெளியான ஒரு பாடலை ஆராதனையில் பாடுவது விலக்கில் வரும். பாடியதைப் படம் பிடித்து நிரந்தரமாக யூடியூபில் ஏற்றி வைப்பதையும் அதே விலக்கு காக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. நான்கு குரல் அமைப்பை ஒருவர் புதிதாக எழுதியிருந்தால் அதற்கும் தனி உரிமை உண்டு.

யூடியூபில் இன்னொரு தொல்லை. பொதுச்சொத்தான ஒரு கிருதியை நீங்களே பாடி ஏற்றினாலும், இயந்திரம் அதை ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒலிப்பதிவு என்று கோரும். பயந்து அழிக்க வேண்டாம். எதிர்ப்புப் படிவத்தில், சாகித்தியம் யார், இறந்த ஆண்டு, மெட்டு பாரம்பரியமானது, பாடியதும் பதிந்ததும் நானே என்று நான்கு வரி எழுதுங்கள். நோட்டின் ஐந்து கட்டத்தைப் பார்த்து எழுதினால் போதும். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு, சொல்லாவிட்டால் கோரிக்கை விழுந்துவிடும். ஆனால் பின்னணியில் ஓடிய சுருதி, தாள ஒலித்துண்டு வேறொருவரிடமிருந்து எடுத்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரம் அதைத்தான் பிடித்திருக்கக் கூடும்.

எழுத்துத் திருட்டையும் பதிப்புரிமை மீறலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது மாணவர்களிடம் அதிகம். நீலகண்ட சிவன் வரியைப் பெயர் போடாமல் தன் வரி போல எழுதினால் அது எழுத்துத் திருட்டு, பதிப்புரிமை மீறல் இல்லை. போன வருஷம் வந்த புத்தகத்தின் முழு அத்தியாயத்தை ஆசிரியர் பெயர், பக்கம் எல்லாம் போட்டு அச்சிட்டு விற்றால் அது மீறல், திருட்டு இல்லை. ஆய்வேட்டுக்கு 2018ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 சதவீதம் வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை ஒரு வருஷம் திருத்திய ஆய்வேட்டைத் தரவே முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. தமிழில் எழுதியதை மென்பொருள் சரியாகப் பிடிக்காது என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் அந்தத் துறை தெரிந்தவர் உட்கார்ந்திருப்பார், தான் எழுதிய வாக்கியத்தை அவர் மறந்திருக்க மாட்டார்.

கள வேலை முடிந்த பின் ஒரு கடமை பாக்கி இருக்கும். பதிவின் முழுப் பிரதியையும் பென்டிரைவில் போட்டுப் புலவருக்குக் கொடுக்க வேண்டும், ஆய்வேடு முடிந்தால் அந்த அத்தியாயத்தின் அச்சுப்படியோடு. மூன்று பிரதி இருக்கட்டும்: ஒன்று உங்களிடம், ஒன்று துறையில், ஒன்று குழுவிடம். பென்டிரைவோடு ஒரு தாளும் போக வேண்டும். கோவில், தேதி, கதை, வலத்தே பாடியவர், இடத்தே பாடியவர், குடம் அடித்தவர், உடுக்கை வாசித்தவர் என்று ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். அடுத்த கொடை வருவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். குடம் அடித்தவர் தன் பெயரை அதில் தேடிப் பார்ப்பார்.